மூன்றாம் திருப்பத்தில் இறக்கிய கல்

1. இறக்கியது

"இறக்குங்கப்பா, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கலாம்" என்று நான் சொன்னதும் எட்டுப் பேரும் நின்றார்கள். ஆனால் ஒருவரும் குனியவில்லை. தோளில் மூங்கில் கழிகள், நடுவே கயிற்றில் தொங்கும் பலகைக்கல், மழை ஈரத்தில் வழுக்கும் பாதை. அவர்கள் கால்கள் நடுங்குவது எனக்கே தெரிந்தது. கல் சரிந்தால் நான்கு பேருக்காவது கால் போகும்.

கொல்லிமலை நடைபாதை வேலையில் நான் மேஸ்திரியாகச் சேர்ந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சொந்த ஊர் அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டி. கடப்பாரை, முளை, மட்டப்பலகை எல்லாம் தெரியும். மலைக்காரர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு மட்டும் நிறைய இருந்தது.

ஜெர்மன் சண்டை முடிந்தபின், பட்டாளத்துக்கு ஆள் போய்ச் செத்த ஊர்களில் ஒரு ஞாபகக் கல் வைக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. வாழவந்தி நாட்டில் ஒரு ஊரிலிருந்து சடையன் என்ற பையன் போயிருந்தான். பஸ்ரா பக்கம் செத்துப்போனான் என்று கடுதாசி வந்ததோடு சரி, உடம்பு வரவில்லை. அவன் பேர் வெட்டிய கல்லை மேலே கொண்டுபோய், சாவடி முன்னால் காரை போட்டு நிறுத்துவது என் வேலை.

"இறக்குங்கன்னு சொல்றனில்ல" என்று கத்தினேன். முன்கழியில் தோள் கொடுத்திருந்தவர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். சடையனின் அப்பா வெள்ளையன். நான் கூலிக்குக் கூப்பிட்ட ஆள் அல்ல. அடிவாரத்தில் தானாக வந்து தோளைக் கொடுத்தவர்.

"மேஸ்திரி சொல்லிப்போட்டாருங்க. இறக்குங்க" என்றார்.

கல் மண்ணில் உட்கார்ந்தது. எல்லாரும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்கள். நான் வெற்றிலைப் பையை அவிழ்த்தேன். அவ்வளவுதான் என் விவரம்.

வெற்றிலை போட்டு முடித்துத் தூக்கச் சொன்னால் ஒருவரும் அசையவில்லை. செத்தவன் கல் வழியில் எந்த இடத்தில் மண்ணைத் தொடுகிறதோ அதுதான் அவன் இடம், அப்புறம் எடுக்கக் கூடாது என்று ஒருவர் விளக்கினார். முதல் இரண்டு திருப்பங்களிலும் அவர்கள் கல்லை இடுப்புயரச் சுமைதாங்கியின் மேல்தான் வைத்து இளைப்பாறினார்கள். மறுபடி தோளேற்றச் சுலபம் என்று வைக்கிறார்களாக்கும் என நான் நினைத்திருந்தேன்.

முறை தெரிந்திருந்தும் ஏன் இறக்கச் சொன்னீர்கள் என்று வெள்ளையனிடம் எரிந்து விழுந்தேன்.

"இங்கதானுங்க அவன் என்னைத் திரும்பிப் போகச் சொன்னான். முழங்கால் வலியோட கீழ வரைக்கும் எதுக்குங்கய்யா, நான் வந்துருவேன்னான். நானும் திரும்பிப்போட்டனுங்க."

கல்லில் தெறித்திருந்த சேற்றைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார். நான் உத்தரவு போட்ட இடம் அவருக்கு அப்படி வாய்த்துவிட்டது.

2. எடுத்தது

மூன்றாம் நாள் கலெக்டர் துரை வந்து கல்லைத் திறந்து வைப்பதாக ஏற்பாடு. ஓவர்சியரிடம் ஓடினேன். அவர் முழுவதும் கேட்கவில்லை. "கல்லு மேல போகலைன்னா நீயும் மேல போக வேண்டாம். உன் ஊட்டுக்குப் போ" என்றார். அந்த வேலை போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. சாக்குச் சொல்லவில்லை, இருந்த நிலைமையைச் சொல்கிறேன். துரையிடமே விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். கேட்டிருந்தால் சரி என்றுகூடச் சொல்லியிருப்பார். நான் வாயைத் திறக்கவில்லை.

மலை ஆட்கள் தொடமாட்டார்கள் என்பதால் எங்கள் ஊரிலிருந்து ஆட்களை அழைத்துக்கொண்டு விடிந்ததும் ஏறினேன். வெள்ளையன் எங்களுக்கு முன்பே அங்கே இருந்தார். கல்லின் அடியில் ஒரு கைப்பிடி தினை வைத்திருந்தார். எங்கள் ஆட்கள் கயிறு கட்டும்வரை தடுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கழி தோளுக்கு ஏறியபோதுதான் பேசினார். "ஒருக்கா நானே அனுப்பிச்சனுங்க. இப்ப நீங்க அனுப்பறீங்க."

அந்தக் கல்லோடு நான் எப்படி மேலே ஏறினேன் என்று தெரியாது. சாவடியில் கல்லை நிறுத்தினோம். துரை தொப்பியைக் கழற்றினார், மாலை போட்டார், நல்லபடியாகத்தான் பேசினார். பையனின் தகப்பனைப் பார்க்க வேண்டும் என்றார். தேடிவர என்னைத்தான் அனுப்பினார்கள். மூன்றாம் திருப்பத்தில், கல் இருந்த பள்ளத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போக எனக்குத் தைரியம் வரவில்லை. திரும்பிவந்து, அவருக்கு உடம்பு சரியில்லையாம் என்றேன்.

3. வளைத்தது

பல வருஷம் கழித்து அதே பாதையை அகலப்படுத்தும் வேலை வந்தது. அதற்குள் சாவடிக் கல்லில் ஆடு கட்ட ஆரம்பித்திருந்தார்கள். அதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. அவர்கள் கணக்கில் சடையன் அங்கே கிடையாது. மூன்றாம் திருப்பத்தில்தான் இருந்தான். வெறும் பள்ளத்தைச் சுற்றி உருண்டைக் கற்களை அடுக்கி, அறுப்பு முடிந்தால் முதல் தினையும் சாமையும் அங்கே வைத்தார்கள். மிளகு மூட்டையோடு இறங்குகிறவர்களும் அந்த இடத்தில் ஒதுங்கி நடந்தார்கள். இத்தனை வருஷமும் வாரம் இரண்டு தடவை நான் அதைக் கடந்துதான் வேலைக்குப் போனேன். ஒரு நாளும் நேராகப் பார்த்ததில்லை.

புதுப் பாதை போக வேண்டிய கோட்டுக்கு, அதுதான் அலைன்மெண்ட், கயிறு பிடித்தபோது அது சரியாக அந்தப் பள்ளத்தின் மேல் விழுந்தது. நான் முளையைப் பிடுங்கி ஆறடி தள்ளி அடித்தேன். அதனால் பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு தடுப்புச் சுவர் கூடுதலாகக் கட்ட வேண்டியதாயிற்று. புதிதாக வந்திருந்த ஓவர்சியர் லைன் ஏன் இங்கே கோணுகிறது என்று கேட்டார். உள்ளே பாறை என்றேன். அளவு குறிக்கும் ஃபீல்ட் புக்கிலும் பாறை என்றே எழுதினேன். என் சர்வீஸில் எழுதிய ஒரே பொய் அதுதான். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

கயிறு மாறிய சேதி மேலே எட்டியிருக்க வேண்டும். வெள்ளையன் தடி ஊன்றிக்கொண்டு வந்தார். பார்வை மங்கியிருந்தது. குனிந்து கயிற்றைக் கையால் தடவி, அது பள்ளத்தைச் சுற்றிப் போகிறதா என்று கடைசிவரை பார்த்தார். அந்தக் காலையில் கல்லைத் தூக்கியதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குப் பேசினார்.

"மேஸ்திரி, மேல இருந்து தண்ணி இந்தப் பக்கந்தானுங்க வருது. ஒரு ஓடை வெட்டி வுடுங்க. பையன் நனையறான்."

கூலி ஆளிடம் கொடுக்காமல் நானே மண்வெட்டியை வாங்கி வெட்டினேன். கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது, ஆட்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஓடை முடிகிறவரை அவர் நின்றிருந்தார்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு அளவும் மட்டமும் என்னைவிட நன்றாகவே தெரிகிறது. நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. மலையில் எதையாவது இறக்கச் சொல்வதற்கு முன்னால் கேளுங்கள், எடுப்பதற்கு முன்னாலும் கேளுங்கள். யாரைக் கேட்பது என்று தேட வேண்டியதில்லை. வெள்ளையன் இரண்டு தடவையும் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.