எங்கள் கிளைக்குத் தலைவி இல்லை

ஆமிக்காரர் எங்கள் பக்கத்தைச் சுற்றிவளைத்து, கண்ணில் பட்ட இளைஞர்களையெல்லாம் லொறிகளில் ஏற்றிக்கொண்டு போய்ச் சில வாரங்கள் ஆகியிருந்தன. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அவர்களில் என் தம்பியும் ஒருவன். அப்போதுதான் தாய்மார் அமைப்புக்குப் புத்தூரில் ஒரு கிளை தொடங்க வேண்டுமென்று யாழ்ப்பாண நகரத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். நான் சனசமூக நிலையத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு நான் தையல் ரீச்சர். எந்த வீட்டு வாசலையும் கேட்காமல் தாண்டக்கூடியவள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். என்னைத் தேடி வந்தார்கள்.

முதற் கூட்டத்தைப் பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்தோம். ஒலிபெருக்கி கட்டினோம், கதிரைகள் அடுக்கினோம். வந்து கதிரைகளை நிறைத்தவர்கள் ஆண்கள். பெண்கள் சுவரோரமாக நின்றார்கள். தோட்டங்களுக்கு அப்பால் இருந்த குடியிருப்பிலிருந்துதான் அதிகம் பிள்ளைகளைப் பிடித்துப் போயிருந்தார்கள். கூலிவேலை செய்யும் அந்தச் சனத்தின் பெண்கள் மண்டபத்துக்குள்ளேயே வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்று கேட்டார்கள். அவர்களை உள்ளே வாருங்கள் என்று கூப்பிட வேண்டுமென்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

நகரத்துப் பெண்கள் நன்றாகப் பேசினார்கள். பேசி முடித்து, தலைவி யார், செயலாளர் யார், பெயரைத் தாருங்கள் என்று கேட்டார்கள். அத்தனை தலையும் குனிந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து, வீட்டில் சமைத்துக்கொண்டிருந்த தன் மனைவியைத் தலைவியாக முன்மொழிந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கிவிட்டேன். கூட்டம் அத்தோடு கலைந்தது.

கதிரைகளை அடுக்கி வைக்க எனக்கு உதவியாக நின்றது ஒரே ஒருத்தி. புருஷன் செத்த பிறகு தனியாளாக வெங்காயத் தோட்டம் செய்தவள். அவளுடைய மூத்த மகனையும் கொண்டு போயிருந்தார்கள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"பேர் கேட்டால் ஆர் ரீச்சர் குடுப்பினம்?" என்றாள் அக்கா. "இண்டைக்குப் பேப்பரிலை எழுதின பேரை நாளைக்கு ஆமி வந்து வாசிப்பான்."

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் வேறு விதமாகத் தொடங்கினோம். கூட்டம் என்ற சொல்லையே எடுப்பதில்லை. பெண்கள் ஏற்கெனவே கூடுகிற இடங்களுக்கு நாங்கள் போனோம். கிணற்றடி, கூட்டுறவுச் சங்கக்கடை வரிசை, வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்குகிற தோட்டத் தறை. ஒருபோதும் தனியாகப் போகவில்லை. ஊரின் வேறு வேறு ஒழுங்கைகளில் குடியிருக்கும் இருவராகப் போவோம். போய் எதையும் விளக்க மாட்டோம். "உங்கடை பிள்ளையைக் கொண்டு போன அண்டைக்கு என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்போம். அதுவரை அந்தக் கேள்வியை அவர்களிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள். சொல்லி முடிந்ததும், இதை யாழ்ப்பாணக் கச்சேரியில், மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், அரசாங்க அதிபருக்கு முன்னால் வந்து சொல்வீர்களா என்று கேட்போம். அடுத்தது, வரவிடாமல் தடுப்பது எது என்று கேட்போம். ஒருத்திக்கு மாடு. ஒருத்திக்குப் படுக்கையில் கிடக்கும் மாமியார். பலருக்குப் புருஷன். நகரத்துப் பெண்கள் பதாகையில் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம், நாங்கள் யாருடைய மாட்டுக்கு யார் தண்ணீர் வைப்பது என்று ஒழுங்கு செய்துகொண்டிருந்தோம். புருஷன்மாருக்கு மட்டும் எங்களால் ஒரு ஒழுங்கும் செய்ய முடியவில்லை. சொல்லாமல் வா என்றுதான் சொன்னோம்.

தோட்டங்களுக்கு அப்பாலும் போனோம். அங்கே ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், எங்களை நிற்க வைத்தே பேசினாள். அவளுக்கு ஒரே மகன்.

"கச்சேரிக்கு வாறன் ரீச்சர். உங்கடை வீட்டு வளவுக்கு வரமாட்டன். அங்கை என்னை எங்கை இருக்கச் சொல்லுவியள் எண்டு எனக்குத் தெரியும்."

அவள் சொன்னது பொய்யில்லையே. அக்காதான் பேசினாள். "அப்ப என்ரை தோட்டத்துக்கு வாரும். வரம்பிலை எல்லாரும் மண்ணிலைதான் இருக்கிறது."

அப்படித்தான் எங்கள் கிளை ஒரு வெங்காயத் தோட்டத்து வரம்பில் தொடங்கியது. அக்கா கேத்தலில் தேத்தண்ணீர் கொண்டு வருவாள். எல்லோருக்கும் ஒரே மாதிரித் தகரப் பேணி. முதல் நாள், எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த ஒருத்தி தன் பேணியைத் தொடாமல் கீழே வைத்தாள். அக்கா அதை எடுத்துத் தானே குடித்தாள். தொடாமல் வைத்தவள் அடுத்த கிழமை வரவில்லை. இன்னும் சிலர் அவளோடு நின்றுவிட்டார்கள். நாங்கள் அவர்களின் வாசலுக்குப் போய்க் கெஞ்சவில்லை. நின்றுபோனவர்களைவிடப் புதிதாக வந்தவர்கள் கூடுதல்.

வரம்பில் இருந்துதான் எங்கள் சட்டங்களைப் போட்டோம். எங்களுக்குத் தலைவி இல்லை. ஒருத்தியைத் தலைவி என்று காட்டினால் அவளைப் பிடிப்பார்கள், இல்லாவிட்டால் அவளைத் தனியே கூப்பிட்டு இனிக்க இனிக்கப் பேசி அனுப்புவார்கள். எங்களுக்குப் பதிவேடு இல்லை. போகும்போது எத்தனை பேர் போகிறோமோ வரும்போது அத்தனை பேரும் வருவோம். பிறகு ஒத்திகை பார்த்தோம். செத்துப்போன தன் புருஷனின் பழைய சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு அக்கா கச்சேரி உத்தியோகத்தராக நின்று எங்களை அதட்டுவாள். நாங்கள் பதில் சொல்ல வேண்டும். முதல் நாள் ஒருவருக்கும் குரல் எழும்பவில்லை, சிரிப்புத்தான் வந்தது. பிள்ளைகளைக் கொண்டு போன பிறகு நாங்கள் சிரித்தது அன்றுதான். போகப் போக அக்காவால் எங்களைச் சமாளிக்க முடியாமல் போயிற்று.

கச்சேரிக்குப் புறப்பட்ட நாள் காலையில், ஒத்துக்கொண்டிருந்த பஸ் வரவில்லை. சாரதிக்குப் பயம். நகரத்துப் பெண்கள் இன்னொரு நாள் வைப்போம் என்று தகவல் அனுப்பினார்கள். நாங்கள் நடந்தோம். பருத்தித்துறை வீதியில், மகன்களின் படங்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கோப்பாய், இருபாலை, நல்லூர் என்று நடந்தோம். யாரும் கோஷம் போடவில்லை. வீட்டுப் படலைகளில் நின்று பார்த்த பெண்கள் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். சொன்னோம். சிலர் உள்ளே ஓடிப் படத்தை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அடுப்பில் சோற்றை விட்டுவிட்டு வந்த ஒருத்தி வழிநெடுக அதைச் சொல்லிக்கொண்டே வந்தாள், ஆனால் திரும்பவில்லை.

கச்சேரி வாசலில் பொலிசார் மறித்தார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து ஒரு உத்தியோகத்தர் வந்தார். மரியாதையாகத்தான் கதைத்தார்.

"உங்கடை தலைவி ஆர்? நாலைஞ்சு பேர் உள்ளை வாங்கோ. இருந்து கதைப்பம்."

நான் வாயைத் திறக்க முன்பு, தோட்டத்துக்கு அப்பாலிருந்து வந்தவள் முன்னால் போய் நின்றாள்.

"தலைவி இல்லை ஐயா. என்ரை மோனைப் பற்றி நான்தான் கதைக்க வேணும். அவவின்ரை மோனைப் பற்றி அவதான் கதைக்க வேணும்."

எல்லோரையும் உள்ளே விட இடம் காணாது என்றார் அவர்.

"அப்ப நீங்கள் வெளியிலை வாங்கோ" என்றாள்.

சொல்லிவிட்டு றோட்டிலேயே நிலத்தில் இருந்தாள். அவளைப் பார்த்து நாங்களும் இருந்தோம். தார் காலைச் சுட்டது. வாகனங்கள் நின்று, ஹோர்ண் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு அரசாங்க அதிபரே வெளியே வந்தார். அவருக்கு ஒரு கதிரை கொண்டு வந்து போட்டார்கள். எங்களைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார், அதை அப்புறப்படுத்தச் சொன்னார். ஒவ்வொருத்தியாகச் சொல்ல, நின்றபடியே கேட்டார். நிறைய நேரம் எடுத்தது. ஒருத்தியையும் நாங்கள் சுருக்கிச் சொல்ல விடவில்லை.

பிள்ளைகளைத் தெற்கில் ஒரு முகாமில் வைத்திருப்பதாகச் சில நாட்களில் அறிவித்தல் வந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். என் தம்பி வந்தான். அக்காவின் மகன் வந்தான். றோட்டில் முதலில் இருந்தவளின் மகன் வரவில்லை. அவனைப் பிடிக்கவே இல்லை என்று பதில் வந்தது. லொறியில் ஏற்றியதை அவள் தன் கண்ணால் பார்த்திருந்தாள். அந்தப் பதிலை அவள் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. எங்கள் பிள்ளைகள் வந்ததும் நாங்கள் வீட்டோடு இருந்துவிடுவோம் என்று அவள் நினைத்திருக்கலாம். வரம்புக்கு நாங்கள் வருவதை நிறுத்தவில்லை. கச்சேரிக்கும் அவளோடு திரும்பத் திரும்பப் போனோம்.

இரண்டொரு வருடத்துக்குப் பிறகு மருதனார்மடம் பக்கமிருந்து ஒரு தாய் எங்களைத் தேடி வந்தாள். அவளுடைய மகனைக் கொண்டு போனது ஆமி இல்லை. ஆயுதம் ஏந்திய எங்கள் பொடியளின் இயக்கம் ஒன்று. அவன் வேறொரு இயக்கத்தில் இருந்தவன். பக்கத்து ஊரில் ஒரு பெரிய வீட்டில் அடைத்து வைத்திருக்கிறார்களாம். போன இடமெல்லாம் கதவைச் சாத்தினார்கள் என்றாள்.

வரம்பில் சண்டை வந்தது. எங்கடை பொடியளுக்கு எதிராகவா போவது என்றார்கள் சிலர். இது வேறு விசயம், எங்களுக்கு வேண்டாம் என்றார்கள் சிலர். வீட்டில் என் தம்பியும் என்னிடம் அதையே சொன்னான். "அக்கா, உதுக்குள்ளை போகாதை. அவங்கள் கச்சேரி ஐயாமார் இல்லை." அவன் பயம் எனக்கு விளங்கியது. எனக்கும் பயம்தான்.

மகன் வராதவள் எல்லோரும் கத்தி முடியுமட்டும் காத்திருந்தாள்.

"பிள்ளையைக் கொண்டு போனவன் என்ன உடுப்புப் போட்டிருந்தவன் எண்டு பாத்தோ நாங்கள் அழுகிறது?" என்றாள். "வாறவை வாங்கோ. வராதவை எங்கடை மாடுகளைப் பாருங்கோ."

போனது கொஞ்சப் பேர்தான். கொழும்புக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்தின் வீடு அது. படலையில் தோளில் துவக்கோடு காவல் நின்றவனுக்கு எங்களைக் கண்டதும் கை கால் ஓடவில்லை. பட்டப்பகலில், வாசலுக்கு நேரே நிலத்தில் வரிசையாக இருந்தோம்.

"அம்மா, எழும்பிப் போங்கோ. நாங்கள் உங்களுக்காகத்தானே போராடுறம்" என்றான்.

"அப்ப எங்களுக்காக அந்தப் பிள்ளையை விடு" என்றாள் அக்கா.

மோட்டார் சைக்கிளில் பொறுப்பாளர் வந்தான். என் தம்பியைவிட இளையவன். யார் அனுப்பியது என்று கேட்டான். எந்த இயக்கம் பின்னால் நிற்கிறது என்று கேட்டான். மருதனார்மடத்துத் தாய் தன் மகனின் பெயரைச் சொன்னாள். அவன் எதைக் கேட்டாலும் அந்தப் பெயரையே திரும்பவும் சொன்னாள். அவனுக்குக் கோபம் ஏறியது.

"ஆமிக்கு எதிரா வீதியிலை இருந்த மாதிரி எங்களுக்கு முன்னாலையும் இருக்கப் போறியளோ?"

"ஓம்" என்றாள் மகன் வராதவள். "அதே மாதிரித்தான்."

அவன் கை இடுப்புக்குப் போனதை நான் கண்டேன். ஒருத்தியும் எழும்பவில்லை. எழும்பினால் அதற்குப் பிறகு ஒருநாளும் இருக்க மாட்டோம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவன் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான், பிறகு உள்ளே போனான்.

வெயில் சாய்கிற நேரம் அந்தப் பிள்ளையைப் படலைவரை கூட்டி வந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. தாய் அவன் முகத்தைத் தடவினாள். அன்று அவனை விடவில்லை. ஆனால் உயிரோடு இருக்கிறான் என்பதை நாங்கள் அத்தனை பேரும் கண்டுவிட்டோம். அதன் பிறகு அவனை இல்லையென்று சொல்ல அவர்களால் முடியாமல் போயிற்று. சில வாரங்களில் விட்டார்கள். தாய் அவனை எப்படியோ வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

அதற்கு விலையாகச் சனசமூக நிலையத்தில் என் தையல் வகுப்பை அந்த இயக்கத்துக்காரர் நிறுத்தினார்கள். பெண்கள் அமைப்பென்று புதிதாக ஒன்றை அங்கே தொடங்கி, தலைவி, செயலாளர் எல்லோரையும் போட்டு, பலகையும் மாட்டினார்கள். எங்களையும் அதில் வந்து சேரச் சொன்னார்கள். எங்களுக்குப் புல்லுப் பிடுங்குகிற வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினோம்.

அது பொய்யுமில்லை. அடுத்த கிழமையே நீர்வேலியிலிருந்து இன்னொருத்தி மகனின் படத்தோடு தோட்டத்துக்கு வந்து நின்றாள். அக்கா அவளுக்கு ஒரு பேணி தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். நாங்கள் வரம்பில் தள்ளி இடம் விட்டோம்.

"இருங்கோ" என்றேன். "அண்டைக்கு என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ."