மஹிரா சொன்ன வழி

விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்குகிறவர்களில் பாதிப் பேர் ஊருக்கு வருகிறவர்கள் இல்லை, வண்டி மாற வருகிறவர்கள். அடுத்த வண்டிக்கு இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும். இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கொட்டாவி விடுவார்கள். அதைக் கேட்டால் மஹிராவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவள் மஹிரா. பையை என் கடையில் வைத்துவிட்டு ஒரு சுற்று சுற்றி வாருங்கள் என்று ஆட்களை விரட்டாத குறையாக அனுப்புவாள். வழியும் அவளே சொல்வாள். கடைவீதியில் நிழல் விழும் பக்கமாகவே நடக்க வேண்டும். பழமலைநாதர் கோயிலில் சாமி கும்பிடாவிட்டாலும் பரவாயில்லை, மண்டபத்துக் கல்லில் பத்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். மணிமுத்தாற்றில் தண்ணீர் ஓடினால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் மணல். அப்புறம் பீங்கான் பொம்மைக் கொட்டகைகள். சாயம் ஏறாத வெள்ளைப் பொம்மைகள் பலகை பலகையாக வெயிலில் காய்வதைப் பார்த்துவிட்டு, உடைசல் கொட்டிய மேட்டைத் தாண்டினால் குறுக்குப் பாதை. பத்தே நிமிஷத்தில் ஸ்டேஷன். கல்யாணத்துக்கு முன்பு அந்தக் கொட்டகையில் பொம்மைகளுக்குக் கண் எழுதியவள் அவள்.

போனவர்கள் பெரும்பாலும் ஆட்டோவில் திரும்பிவிடுவார்கள். முகம் மலர்ந்து, பார்த்ததைச் சொல்லிக்கொண்டே டீ குடிப்பார்கள். மஹிராவுக்கு அதுதான் ஊர் சுற்றல். அவள் கடையை விட்டு நகர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. கணவன் பரக்கத்துல்லா சவூதியில் வாதம் வந்து விழுந்தவன், பின்னறையில் கிடக்கிறான். மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். கடைச் சாமானெல்லாம் போன் போட்டால் வாசலுக்கு வந்துவிடுகிறது.

போன ஆவணியில் சிவசங்கரி வந்தாள். அரியலூர்ப் பெண், சேலத்தில் அன்று நாலு மணிக்கு இண்டர்வியூ. ஒரு வருஷமாக வேலையில்லை, இதையும் விட்டால் கதியில்லை என்று அவளே சொன்னாள். சேலம் வண்டிக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. பெஞ்சில் நகம் கடித்துக்கொண்டிருந்தவளை மஹிரா சும்மா விடவில்லை.

"உக்காந்தே இருந்தா பயந்தாம்மா பெருசாவும். நான் சொல்ற வழியில போயிட்டு வாங்க, தெளிஞ்சிடும்."

போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அந்தப் பெண் அரைமனதாகப் போனாள்.

வண்டி வரும் நேரமாயிற்று. பெண்ணைக் காணோம். அவள் பையையும் போனையும் கையில் பிடித்துக்கொண்டு மஹிரா கடைப்படியில் நின்றாள். ஓடிப்போய்த் தேடலாம் என்றால் உள்ளே மனுஷன் கிடக்கிறான், பெஞ்சுக்கடியில் நாலு பேர் பை இருக்கிறது. வண்டி வந்தது, நின்றது, போயே போய்விட்டது.

அரைமணி கழித்துச் சிவசங்கரி வந்தாள், முழங்கால்வரை புழுதி. மெயின் ரோட்டுப் பக்கமிருந்து வந்தாள்.

"நீங்க சொன்ன குறுக்குப் பாதையில செவுரு இருக்குதுக்கா. வழி கேட்டு சுத்தி வர நேரமாயிடுச்சு."

பஸ் பிடித்தாலும் சேலம் போக ஆறு மணியாகும். கம்பெனிக்குப் போன் செய்து, நாளைக்கு வரட்டுமா என்று கெஞ்சினாள். அவர்கள் பாதியிலேயே வைத்துவிட்டார்கள். திட்டுவாள் என்று மஹிரா எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"கோயில் கல்லுல உக்காந்தேங்க்கா. நிஜமாவே பயம் போயிடுச்சு" என்றாள் அந்தப் பெண். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டாள். "அந்தச் செவுரு கட்டி ஆறு வருஷம் ஆவுதாம். நீங்க பாக்கலியாக்கா?"

பின்னறையில் பரக்கத்துல்லா முனகினான். மஹிரா உள்ளே போய் அவனைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. அரியலூர்ப் பக்கம் போகும் வண்டி பிளாட்பாரத்தில் நின்றிருந்தது.

மறுநாள் காலையில் வயதான தம்பதி வந்து பையை வைத்தார்கள். மூன்று மணி நேரம் இருக்கிறது, பக்கத்தில் எங்கே போகலாம் என்று அந்த அம்மா கேட்டார். மஹிரா வாயெடுத்தாள். நிழல் விழும் பக்கம், கோயில் கல், ஆறு, வெள்ளைப் பொம்மைகள் எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன. இதில் எது இன்னும் இருக்கிறது, எது இல்லை என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"எனக்கு ஊரு தெரியாதுங்க" என்றாள்.

"நீங்க வெளியூரா?"

மஹிரா ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, கிளாஸைக் கழுவத் திரும்பிக்கொண்டாள்.