எதிர்வீட்டு வெளிச்சம்

தையல்காரருக்குச் சிக்கனம் என்றால் உயிர். எதிர்வீட்டுச் சமையலறை வெளிச்சம் தம் கூடத்தில் விழுவதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவர் வீட்டில் விளக்குப் போடுவதே இல்லை. சாயங்காலமானால் தையல் மெஷின், சாப்பாட்டுத் தட்டு, மகளின் பாடப்புத்தகம் எல்லாம் ஜன்னலோரம் வந்துவிடும். எதிர்வீட்டம்மா விளக்குக்குக் குறுக்கே வந்து நின்றால் ஊசியில் நூல் கோக்க முடியாது. நகரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்.

ஒருநாள் அந்த பல்பு பியூஸ் போனது.

"ஒரு வாரமாகியும் மாத்தல. பொறுப்பில்லாத ஜனங்க!" என்று குதித்தவர், தாமே பெரிய பல்பாக வாங்கிப்போய் மாட்டினார்.

"இவ்ளோ பெருசா? கரண்ட் பில் எகிறிடுமேண்ணே!" என்றாள் எதிர்வீட்டம்மா.

"அத நான் கட்டிடறேம்மா. நீங்க அணைக்காம மட்டும் இருங்க."

விஷயம் தெரிந்ததும் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தக் காசுக்கு நம்ம வீட்லயே லைட்டு போட்டிருக்கலாமே!"

தையல்காரர் அவளைக் கூடத்துச் சுவரில் இருந்த மீட்டர் முன்னால் இழுத்துப்போய் நிறுத்தினார். "நல்லா பாரு. துளியாவது ஏறியிருக்கா? குடும்பம் நடத்தறதுன்னா இதான்."

அவள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அவர் ஜன்னல் வழியே கத்தினார்: "யம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மீட்டர மறைக்கிறீங்க!"