மிச்சம் மாமாவின் மேஜை

என் அக்கா வீட்டுக்காரர் இந்த வயது வரைக்கும் ஒரு முக்காலிகூடச் செய்ததில்லை. அவர் ஆணி அடித்தால் ஆணி வளையும், இல்லாவிட்டால் கட்டைவிரல் வீங்கும். ஆனால் அவர் வீட்டுப் பின்னறையில் இருக்கிற மரவேலை மெஷின்களைப் பார்த்தால் என் பட்டறைக்கே வெட்கமாக இருக்கும். எல்லாம் கடல் தாண்டி வந்தவை. பாதிக்குப் பாதி இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அட்டைப்பெட்டிக்குள் சுகமாகத் தூங்குகின்றன.

நான் தச்சன். இருபத்திரண்டு வருடமாக இதே பிழைப்பு. அதனால் வயிற்றெரிச்சலில் பேசுகிறேன் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும்.

என் பட்டறைப் பக்கம் அவருக்கு மிச்சம் மாமா என்று பெயர். வைத்தவன் நான்தான். எந்தப் பொருளைக் காட்டினாலும் என்ன விலை என்று சொல்லமாட்டார், எவ்வளவு மிச்சம் என்றுதான் சொல்வார். உள்ளூர்க் கடைக்காரன் இவ்வளவு கேட்டான், வெளிநாட்டு டீலர் இவ்வளவுக்குக் கொடுத்தான், மிச்சம் இவ்வளவு. கப்பல் கூலி, சுங்க வரி, துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த வண்டி வாடகை, இதெல்லாம் அந்தப் பேச்சில் வராது. வேறு யாரோ பெரிய மனது பண்ணிக் கொடுத்த மாதிரி இருந்துவிடுவார்.

உத்தியோகம் மின்சார அலுவலகத்தில். புகார் வாங்குகிற ஜன்னலுக்குப் பின்னால் முப்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறார். வோல்டேஜ் கம்மி, ஃபேன் சுத்தலை, மோட்டார் எடுக்கலை என்று வருகிற சனங்களிடம், தாளிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "விதிப்படிதான் பண்ண முடியும்" என்று சொல்லி அனுப்புவது அவர் வேலை. மின்சாரத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு வாக்கியம்தான் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

அக்கா தையல்காரி. ஒரு பள்ளிக்கூடத்துக்கு வருடா வருடம் சீருடை தைத்துக் கொடுக்கிறாள். முன்னறைத் தரையில் துணியை விரித்து, முட்டி போட்டுக்கொண்டு, எட்டு மடிப்பை ஒரே வெட்டாக வெட்டுவாள். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அப்படி வெட்டி முடித்தவள் எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நின்னுக்கிட்டே வெட்டுற மாதிரி ஒரு மேஜை இருந்தா போதுங்க" என்றாள் அவரிடம். ஆறடி நீளம், மூன்றரை அடி அகலம், இடுப்பு உயரம், ஆடக்கூடாது. அவள் கேட்டது அவ்வளவுதான். நகையா கேட்டாள்?

நானும் அங்கே இருந்தேன். "ஒரு நாள் வேலைதான் அக்கா. நான் பண்ணித் தரேன்" என்றேன்.

மாமா சிரித்தார். "உனக்குக் குடுக்கிற கூலிக்கு ஒரு மெஷினே வாங்கிடலாம் மாப்ள. மெஷின் இருந்தா மேஜை என்ன, கட்டில், பீரோ எல்லாம் நானே பண்ணிக்குவேன். ஆயுசுக்கும் மிச்சம்."

நான் கூலி கேட்டேனா? கூடப்பிறந்தவளுக்கு ஒரு மேஜை செய்ய எவன் கூலி கேட்பான்? அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. சரி, பண்ணித்தான் பாரேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் வந்தது ரவுட்டர். பலகையின் ஓரத்தை வளைவாகச் செதுக்குகிற மெஷின் அது. மேஜையே இல்லை, அதற்குள் மேஜை ஓரத்துக்கு அலங்காரம். பிளக் நம் ஊர்த் துளையில் நுழையவில்லை. தெருமுனைக் கடையில் ஒரு அடாப்டர் வாங்கி மாட்டி, வீட்டிலிருப்பவர்களை எல்லாம் கூப்பிட்டு நிற்க வைத்து, சுவிட்சைத் தட்டினார். ஒரு உறுமல். அப்புறம் புகை. அறை முழுக்க எரிந்த அரக்கு நாற்றம். அது நூற்றுப்பத்து வோல்ட் மெஷின். இங்கே வீட்டுக்கு வருவது அதற்கு இரண்டு மடங்கு. வோல்டேஜ் புகார் வாங்கியே தலை நரைத்த மனிதருக்கு இது தோன்றவில்லை.

டீலருக்கு எழுதினார். அவன் ரொம்ப மரியாதையாகப் பதில் போட்டான். உத்தரவாதம் அந்த நாட்டுக்குள் மட்டும்தான், வேண்டுமானால் சொந்தச் செலவில் திருப்பி அனுப்பவும். திருப்பி அனுப்புகிற செலவில் இன்னொன்று வாங்கலாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமாவுக்கு முகம்கூட வாடவில்லை.

"அப்பவும் மிச்சம்தான் மாப்ள" என்றார். "இதையே உள்ளூர்க் கடையில வாங்கி எரிஞ்சிருந்தா நஷ்டம் இன்னும் ஜாஸ்தி."

இந்த மண்டையோடு எவன் மல்லுக்கட்டுவது?

அடுத்து ஒரு பேட்டரி டிரில். பேட்டரி இல்லாமல் வந்தது. விமானத்தில் பேட்டரி ஏற்ற மாட்டார்களாம், அதனால்தான் அவ்வளவு மலிவாம். இங்கே கிடைக்கிற பேட்டரி எதுவும் அதன் அடியில் பொருந்தவில்லை. அது இன்றைக்கும் அலமாரியில் நிற்கிறது, வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்த்து, "நல்ல கனம்" என்று சொல்லிவிட்டு வைப்பதற்காக. அதற்கப்புறம் ஒரு இழைக்கிற மெஷின். இந்தத் தடவை புத்தி வந்து வோல்டேஜைக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றையும் சேர்த்து வாங்கினார். தூக்க இரண்டு பேர் வேண்டும், அது ஓடினால் வீடே முனகும். அந்த மெஷின் ஓடியது, உண்மையைச் சொல்ல வேண்டும். தரையில் உரசுகிறது என்று குளியலறைக் கதவின் அடியை இழைத்தார். நாலு விரல்கடை போய்விட்டது. இப்போது உள்ளே குளிப்பது யார் என்று காலைப் பார்த்தே சொல்லிவிடலாம். இந்த மனிதர் ஆறு வருடத்தில் செய்த மொத்த மரவேலை அதுதான்.

அக்கா அத்தனை நாளும் தரையில்தான் வெட்டினாள். முட்டிக்குக் கீழே தலையணை வைத்துக்கொள்வாள். தைலம் தடவிக்கொள்வாள். எப்போதாவது நான் போனால், "மேஜை எப்போக்கா?" என்று அவர் காதில் விழுகிற மாதிரிக் கேட்பேன். "மெஷின் வரிசையா வந்துக்கிட்டிருக்கு இல்ல" என்பாள் அவள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்த வருடம் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இனி தரையில் முட்டி போடவே கூடாது, போட்டால் நடப்பதே சிரமமாகிவிடும். அதே வாரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து சீருடைத் துணி வந்து இறங்கியது. பள்ளி திறக்க ஏழு வாரம். துணியைத் திருப்பி அனுப்பினால் வேலை வேறு தையல்காரரிடம் போகும், அப்புறம் அடுத்த வருடம் இவளிடம் யார் வரப்போகிறார்கள்? பன்னிரண்டு வருடமாக அவள் பிடித்து வைத்திருக்கிற வேலை. மூட்டைகளை அவிழ்க்காமலே சுவரோரம் அடுக்கி வைத்தாள்.

மாமா அன்று சாயங்காலமே என் பட்டறைக்கு வந்தார். அக்காவும் கூட வந்திருந்தாள். "இந்தத் தடவை முடிச்சிடலாம் மாப்ள" என்று செல்போனை நீட்டினார். ஒரு ரம்ப மேஜை. நடுவில் வட்ட ரம்பம் எட்டிப் பார்க்கிற, வார்ப்பிரும்புப் பலகை வைத்த மெஷின். தொழிற்சாலைச் சாமான். டீலர் பாதி விலைக்குத் தருகிறானாம். "அஞ்சு குதிரைசக்தி. படம் எல்லாம் அனுப்பியிருக்கான். நீ ஒரு தடவ பாத்துச் சொல்லு."

பார்த்தேன். நாலாவது படத்தில் மோட்டாரின் பெயர்த்தகடு தெளிவாக இருந்தது. மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் ஓடுகிற மோட்டார். அவர் வீட்டுக்கு வருவது ஒரே ஒரு ஃபேஸ். இது அந்த வீட்டில் சுற்றாது, அடாப்டர் போட்டாலும் சுற்றாது, அந்த முனகல் டிரான்ஸ்ஃபார்மரை வைத்தாலும் சுற்றாது. மின்சார அலுவலகத்துக்காரர் பெயர்த்தகட்டைப் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அவர் கண்ணுக்கு விலை மட்டும்தான் தெரியும்.

"நல்ல சாமான் மாமா" என்றேன். "வாங்குங்க."

நான்கு வாரத்தில் பெட்டி வந்தது. ஒட்டுப்பலகை மூடி போட்ட மரப்பெட்டி, சுமக்க ஆறு பேர். வாசற்படியில் நுழையவில்லை. கதவு நிலையைக் கழற்றிக் கொடுத்தது நான். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கழற்றினேன். பின்னறை வரை தள்ள முடியாமல், அக்கா துணி வெட்டுகிற முன்னறையிலேயே, நட்டநடுவில், அதை இறக்கி வைத்தார்கள். பாவி மனிதர், அவளுக்கு மேஜையும் இல்லை, இப்போது தரையும் இல்லை.

வயரைப் பிரித்துப் பார்த்தபோதுதான் மாமாவுக்குச் சங்கதி தெரிந்தது. வயரை மறுபடி சுருட்டி வைத்தார். பிறகு தெம்பாகச் சொன்னார்: "அதனால என்ன? மூணு ஃபேஸ் இணைப்பு வாங்கிக்கலாம். நம்ம ஆபீஸ்தானே."

மறுநாள் விண்ணப்பம் எழுதி, தன் ஜன்னலில் தானே வாங்கி, தானே முத்திரை குத்தி மேலே அனுப்பினார். ஒன்பதாம் நாள் பதில் அதே ஜன்னலுக்கு வந்தது. அந்தத் தெருவுக்கு மூன்று ஃபேஸ் கம்பியே இழுக்கவில்லை, அதனால் விதிப்படி இயலாது. முப்பது வருடமாக ஊருக்கு அவர் சொன்ன வாக்கியத்தை யாரோ டைப் அடித்து அவருக்கே அனுப்பிவிட்டார்கள். இதைக் கேள்விப்பட்ட அன்று பட்டறையில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். ஆறு வருடத்துக்கு முன்னால் தைத்த அந்தக் கூலி என்ற சொல் அன்றைக்குத்தான் ஆறியது.

பள்ளி திறக்க எட்டு நாள் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கிற ஆசையில், அவர் அலுவலகம் விட்டு வருகிற நேரமாகப் பார்த்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். இன்று கெஞ்சுவார், மாப்ள நீயே பண்ணிக்குடு என்று தன் வாயால் சொல்வார், நானும் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு ஒத்துக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

கதவு திறந்திருந்தது. அக்கா நின்றுகொண்டிருந்தாள். நின்றபடி துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

மெஷினின் கைப்பிடியைச் சுழற்றி ரம்பத்தை அடியில் இறக்கிவிட்டிருந்தாள். அந்த வார்ப்பிரும்பு மேஜையின் மேல் மரப்பெட்டியின் மூடியைப் படுக்கப் போட்டு, அதன் மேல் ஒரு பழைய போர்வையை இழுத்துக் கட்டியிருந்தாள். இடுப்பு உயரம். நீளம் ஆறடிக்குக் கொஞ்சம் குறையும். சுவரோரம் பாதி மூட்டைகள் காலி. தைத்து முடித்த சட்டைகள் நாற்காலி உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

"எத்தனை நாளாக்கா இப்படி?"

"பெட்டி வந்த அன்னிக்கிலேர்ந்து" என்றாள். "மெஷின் ஓடினா என்ன, ஓடலைன்னா எனக்கென்ன."

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "இது எதுக்குக்கா, நாளைக்கே மரம் எடுத்துட்டு வந்து நல்ல மேஜையா பண்ணிடறேன்" என்றேன்.

அவள் கத்தரிக்கோலை வைத்தாள். "அவர் உன் பட்டறைக்கு வந்து படம் காட்டினாரே, அன்னிக்கு நான் உன் பக்கத்துலதான் நின்னேன். மாமா அடுத்த படத்துக்குப் போயிட்டார். நீ திரும்பப் பின்னால தள்ளி அந்தத் தகட்டைப் படிச்ச. படிச்சுட்டுச் சிரிச்ச. அப்புறம் வாங்குங்கன்னு சொன்ன."

தோளில் தொங்கிய பட்டறைப் பையைக் கீழே இறக்கி வைத்தேன்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுடா. தெரியாம பண்ணினார். உனக்கு எல்லாம் தெரியும். மரம் உன் பட்டறையில கெடக்கு. ஒரு நாள் வேலைன்னு ஆறு வருஷமா சொல்ற. அவர் வந்து உன்கிட்ட கேட்கணும், அதானே? என் முட்டிதான் நடுவுல கெடந்துச்சு." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு மறுபடி துணிக்குத் திரும்பினாள். "இந்தப் பக்கம் மூடி கொஞ்சம் ஆடுது. அதை மட்டும் பாத்துட்டுப் போ."

குனிந்து பார்த்தேன். மூடிக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு மூலையில் இடைவெளி. பையிலிருந்த கைரம்பத்தால் பெட்டியின் உடைந்த சட்டத்தில் ஒரு துண்டை அறுத்து, உளியால் சீவி, ஆப்பு மாதிரி உள்ளே தட்டினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்த நேரம் மாமா உள்ளே வந்தார். அவர் முகத்தில் நான் பார்க்க வந்தது எதுவும் இல்லை. மேஜையைக் கையால் தட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"பாத்தியா மாப்ள" என்றார். "இதே மாதிரி மேஜை கடையில என்ன விலை சொல்றான் தெரியுமா? உன் கூலி வேற மிச்சம்."

உளியைப் பையில் போட்டுக்கொண்டு நின்றேன். என் அக்காவுக்காக இந்த ஆறு வருடத்தில் நான் செய்து கொடுத்தது அந்த ஒரு ஆப்புதான். அவர் குளியலறைக் கதவையாவது இழைத்திருந்தார்.