டேப்பு இல்லாத வண்டி

எங்கள் தெருவில் இன்னும் ஒரே ஒரு பழைய கார்புரேட்டர் பைக் இருக்கிறது. பால்காரருடையது. மார்கழிக் குளிரில் அவர் அதை உதைக்கும் சத்தம் கேட்டால் எனக்குத் தூக்கம் கலைந்துவிடும். எரிச்சலெல்லாம் இல்லை. அது இருமி, செருமி, ஒருவழியாகப் பிடித்துக்கொண்டு உறுமும்வரை போர்வைக்குள் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன். பிடித்துவிட்டால் மனசு கொஞ்சம் வாடிப்போகும். இன்னும் கொஞ்ச நேரம் முரண்டு பிடித்திருக்கக் கூடாதா என்று தோன்றும்.

கல்யாணமான புதிதில் ஓசூருக்கு வந்தோம். நான் சிங்காரப்பேட்டைப் பக்கம், என் வீட்டுக்காரர் போச்சம்பள்ளிப் பக்கம். அவருக்கு வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை, எப்போதும் முதல் ஷிப்ட். எனக்கு செல்போன் பாகங்கள் பூட்டும் கம்பெனியில், பெரும்பாலும் நைட் ஷிப்ட். அவர் ஓவர்டைம் முடித்து வீட்டுக்கு வருவதற்குள் நான் கம்பெனி பஸ் ஏறியிருப்பேன். நான் இறங்கி வரும்போது அவர் கிளம்பிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று உண்டு. அதில் பாதியை நான் தூங்கியே கழிப்பேன், மீதியைத் துணி துவைத்து. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருத்தர் தலையணைச் சூட்டில் இன்னொருத்தர் படுக்கிற குடித்தனம் அது.

எங்களுக்கென்று இருந்தது அந்தப் பழைய வண்டி சூடாகிற நேரம் மட்டும்தான்.

ஓசூர்க் குளிரில் கார்புரேட்டர் வண்டி சொன்ன பேச்சு கேட்காது. சோக்கை இழுத்து உதைக்க வேண்டும், பிடித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே ஓடவிட வேண்டும், அவசரப்பட்டு கியர் போட்டால் பொசுக்கென்று அணைந்துவிடும். நான் தெருமுனையில் இறங்கும்போதே அந்தச் சத்தம் கேட்கும். ஓட்டமும் நடையுமாக வருவேன். புகைக்கு நடுவில் நின்று பேசுவோம். என்ன பெரிய பேச்சு? மாவு புளித்துவிட்டது, ஊரில் என் அம்மாவிடம் விட்டிருந்த பாப்பாவுக்கு இருமல் விடவில்லை, உங்க அம்மா போன் பண்ணினாங்க. அவர் சில்வர் டம்ளரில் பாதி டீயை எனக்காக மூடி வைத்திருப்பார். ஆறிப்போய்தான் இருக்கும். அதை விடச் சூடான டீயை நான் இதுவரை குடித்ததில்லை.

இதில் மூன்றாவது ஆள் ஒருவன் உண்டு. பக்கத்து போர்ஷனில் இருந்த இளைஞன், அவரோடு ஒரே லைனில் வேலை செய்பவன், தினமும் இவர் வண்டியில்தான் பின்னால் உட்கார்ந்து போவான். பாகலூர்க்காரன். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், கோபம் வந்தால் கன்னடம். நான் அவனுக்கு வைத்த பெயர் பின்சீட்டு. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "அண்ணா, டைம் ஆவுதுண்ணா, லேட் மார்க் போட்டுருவாங்கண்ணா" என்று ஜபம் பண்ணிக்கொண்டே நிற்பான்.

வண்டிக்கு ஒரு பழக்கம் இருந்தது. என் பஸ் தாமதமாகிற நாள்களில் அதுவும் தகராறு பண்ணும். இரண்டு நிமிஷம் ஓடிவிட்டு அணைந்துபோகும். அப்புறம் உதை உதை என்று உதைத்தாலும் பிடிக்காது. நான் வந்து நிற்பேன். அவர் குனிந்து டேங்குக்குக் கீழே கைவிட்டுப் பார்த்து, நெற்றியில் தட்டிக்கொள்வார்.

"அட, டேப்பைத் தெறக்கவே மறந்துட்டேன்!"

பழைய வண்டிகளில் டேங்குக்கு அடியில் பெட்ரோல் டேப்பு என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். எங்கள் வண்டியில் பெட்ரோல் கசியும் என்பதால் ராத்திரி அதை மூடி வைப்பார். மூடியபடியே ஸ்டார்ட் செய்தால் கார்புரேட்டரில் மிச்சமிருக்கிற பெட்ரோல் தீரும்வரை ஓடும், பிறகு நின்றுவிடும். அதைத் திறந்ததும் வண்டி ஒழுங்காகக் கிளம்பும்.

"அண்ணி வந்தாத்தான் வண்டி கேக்குது, அவங்க ராசி" என்பான் பின்சீட்டு. நானும் பெருமையாக நின்றுகொள்வேன். என் ஊர்ச்சந்தையில் எந்த வாரம் என்ன விலைக்குப் புளி வாங்கினோம் என்பதைக்கூட நினைவு வைத்திருக்கிற மனுஷன், டேப்பை மட்டும் எப்படித்தான் மறக்கிறாரோ என்று நினைத்துக்கொள்வேன். மறதிக்காரரே என்று கேலியும் பண்ணியிருக்கிறேன்.

அப்படி ஒரு நாள் உதைக்கும்போதுதான் கிக்கர் திருப்பி அடித்தது. கணுக்கால் சுரைக்காய் மாதிரி வீங்கிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வேலைக்குப் போனார். நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன், இந்த வண்டி இனி வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் பழைய வண்டி விற்கும் கன்சல்டிங்குக்குப் போனோம். எங்கள் வண்டி மாதிரியே கார்புரேட்டர் மாடல் ஒன்று, அதிகம் ஓடாதது, பளபளவென்று நின்றது. "இனிமே கம்பெனி இத வுடாதுங்க, இதான் கடைசி" என்றார் கடைக்காரர். இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். திரும்பும் வழியில் ஓசூர் ஷோரூமிலும் நுழைந்தோம். அதே வண்டி, புது மாடல், எஃப்ஐ. கார்புரேட்டருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரே பெட்ரோலை அளந்து விடுமாம். சேல்ஸ்காரப் பெண் பட்டனைத் தொட்டார். விரலை எடுப்பதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. சோக் கிடையாது, புகை கிடையாது, இருமல் கிடையாது.

"குளிரு, மழை எதுவா இருந்தாலும் வெயிட் பண்ணத் தேவையில்ல சார். தொட்டா போயிக்கினே இருக்கலாம்."

தொட்டதும் போய்விடுவார் என்றால் எனக்கு என்ன மிச்சம்? பஸ் இறங்கி வந்து பூட்டின கதவைத் திறந்துகொண்டு போய்ப் படுக்க வேண்டியதுதான். ஆனால் எதிரே அவர் கட்டுப் போட்ட காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "இதையே எடுங்க" என்றேன்.

"பழைய மாடலே போதும்மா. கார்புரேட்டர்னா நம்ம தெருமுனை மெக்கானிக்கே கழட்டி ஊதி மாட்டிடுவாரு. இதுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கினு வரணும்."

"லேப்டாப்பு வந்தா வரட்டும்ங்க. உங்க காலு போனா எவன் கொண்டாந்து மாட்டுவான்?"

"எனக்குக் காலு ஒண்ணும் வலிக்கல."

"பொய் சொல்லாதீங்க. நேத்து செருப்புப் போடறப்பவே பல்லைக் கடிச்சிக்கினு நின்னீங்க."

சேல்ஸ்காரப் பெண் மெதுவாக வேறு பக்கம் நகர்ந்துவிட்டார். இவர் புது வண்டியின் சீட்டைத் தடவிக்கொண்டே, "அப்புறம் நீ காலங்காத்தால குளிர்ல நிக்க வேணாம். சந்தோசம்தானே?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் எதை விட்டுக்கொடுக்கிறேன் என்று தெரியாமல் பேசுகிறாரே என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆமா, ரொம்ப சந்தோசம்" என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பழைய வண்டியை ஒருவர் வந்து எடுத்துப்போனார். அன்றைக்கும் இவர் டேப்பை மூடிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்.

புது வண்டி வந்த பிறகு எனக்கு நைட் ஷிப்ட் திரும்பிய முதல் வாரம். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெண்களை இறக்கிவிட்டு வருகிற பஸ் எங்களுடையது. யானைகள் ரோட்டைக் கடக்கின்றன என்று வழியில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். மற்ற பெண்கள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் மட்டும் செல்போனில் மணி பார்த்துக்கொண்டிருந்தேன். யானைகளை வாய்விட்டே திட்டினேன். அவை காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தெருமுனையில் இறங்கினேன். சத்தமே இல்லை. பனி மட்டும் நின்றுகொண்டிருந்தது. போய்விட்டார். நான்தானே வாங்கச் சொன்னேன், யாரைக் குறை சொல்ல? ஓடாமல், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாக நடந்தேன். அழுகை வந்துவிடும் போல இருந்தது.

வளைவில் திரும்பினால், எங்கள் வாசலில் வண்டி நிற்கிறது. பின்சீட்டு ஹெல்மெட் மாட்டி ஏறி உட்கார்ந்தே இருக்கிறான். இவர் வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, டேங்குக்கு அடியில் கையைவிட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறார்.

"அண்ணா, டைம் ஆயிடுச்சுண்ணா. என்னா தேடறீங்க?"

"இருடா. டேப்பு தெறந்திருக்குதான்னு பாக்கறேன்."

"அண்ணா, இந்த வண்டியில டேப்பே கெடையாதுண்ணா!"

அவர் கை அப்படியே நின்றுவிட்டது. நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார். திருடும்போது மாட்டிக்கொண்டவர் மாதிரி முழித்தார். பின்சீட்டு அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று முனைக் கடைப் பக்கம் நடந்துவிட்டான்.

அத்தனை காலைப் பொழுதுகளும் என் கண்முன் வந்து நின்றன. பிடிக்கவே பிடிக்காது என்று தெரிந்தே அவர் உதைத்த உதைகள், அந்த வீங்கின கணுக்கால், நெற்றியில் தட்டிக்கொண்ட நடிப்பு. மறதிக்காரர் என்று நான் கேலி செய்தபோதெல்லாம் சிரித்துக்கொண்டு நின்றது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே இந்த மனுஷன். நானும்தான் சொல்லவில்லை.

"டீ ஆறிப்போச்சு" என்றார். அவசர அவசரமாகச் சாவியைத் திருகி, பட்டனைத் தொட்டார். தொட்டதும் வண்டி ஓட ஆரம்பித்தது, ஒரு குறையும் இல்லாமல்.

நான் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தேன்.