முதல் புள்ளியில் வெட்டாதே

பிலோமினா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் உட்லண்ட்ஸ் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய தம்பி சேவியர் அழைத்தார். "அக்கா போயிட்டாங்க லா. நீங்க வாங்க," என்றார். அவ்வளவுதான். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. போட வேண்டிய சண்டைகள் எத்தனையோ பாக்கி இருக்கும்போது அவர் எப்படிப் போகலாம்?

இந்த நினைவு மலரைப் படிக்கிற, அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்தக் குரல் மறந்திருக்காது. சிராங்கூன் சாலைக்குப் பின்னாலிருந்த எங்கள் சின்ன அலுவலகத்தில், தஞ்சோங் பகார் துறைமுகத்தில் உழைத்த குடும்பங்களின் பேச்சைப் பதிவு செய்து சேர்த்துவந்தோம். ஒவ்வொரு ஒலிக்கோப்புக்கும் பேசியவரின் பெயரையே வைத்தோம், ‘மு.அஞ்சலை.mp3’ என்பது போல. அக்காவுக்குக் கணினி வேலை, பக்கத்து மேசையில் எனக்கு எழுத்து வேலை.

அந்தப் பெயர்கள் எல்லாம் ஒரு கண்காட்சியின் சுவரில் வரவேண்டியிருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டச்சு செய்ய அக்காவுக்கு ஏது பொறுமை? கறுப்புத் திரையில் ஒரே வரியில் ஒரு கட்டளை அடித்தார். கோப்புப் பெயர்கள் வரிசையாக வரும், கடைசியில் ஒட்டியிருக்கும் ‘.mp3’ என்ற வால் மட்டும் வராது என்றார். வந்ததோ க, மு, மு, சு. அஞ்சலையைக் காணோம். அவருடைய அப்பாவின் முதலெழுத்து மட்டும் அங்கே உட்கார்ந்திருந்தது.

எங்கள் மேலாளர் எட்டிப் பார்த்தார். "இனிஷியல்தான் ப்ராப்ளம். புள்ளிய எடுத்துட்டு வெறும் பேர வைங்க, சிம்பிளா இருக்கும்."

அக்கா நாற்காலியோடு திரும்பினார். "பேரு சரியாத்தான் இருக்கு சார். என் கமாண்டுதான் தப்பு. பர்சென்ட் சைன் ரெண்டு போட்டுட்டேன், மொத புள்ளியிலயே வெட்டிடுச்சு. ஒண்ணு போட்டா கடைசிப் புள்ளியில வெட்டும். மெஷினுக்காக யாரோட அப்பாவையும் அழிக்க மாட்டேன்."

ஒரு குறியை நீக்கி மறுபடி தட்டினார். மு.அஞ்சலை வந்தார். "வாங்கம்மா," என்று திரையைப் பார்த்துச் சொன்னார் அக்கா. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவருடைய அப்பா மரியசூசையும் அதே துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். படிவத்தில் அந்த ‘ம.’வை விட்டுவிடாமல் எழுதவைக்க வங்கியிலும் கிளினிக்கிலும் அக்கா போட்ட சண்டைகளைப் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறேன். பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள், நான் தலையைக் குனிந்துகொள்வேன். அவர் குனிந்ததே இல்லை. "அப்பாவும் வேணும், நானும் வேணும். ரெண்டுல ஒண்ணுன்னு கேக்க இவங்க யாரு?" என்பார்.

அடக்கத்துக்கு முந்திய பூசைக்காக இறுதிச்சடங்குக் கூடத்துக்குப் போனேன். பெட்டிக்கு மேலிருந்த திரையில் அக்காவின் படம். அதன் கீழே ‘ம’ என்று ஒற்றை எழுத்து. படக்கோப்பின் பெயரைத் திரையே எடுத்துப் போட்டுக்கொள்கிறதாம். அங்கிருந்த பணியாளரிடம் கேட்டேன்.

"அந்த டாட்தான் ஆன்ட்டி. எடுத்துட்டு ரீநேம் பண்ணா ஓகே லா," என்றார் தன்மையாக.

சேவியர் என் கையைப் பிடித்தார். "விடுங்கக்கா, ஃபாதர் வந்துட்டாரு."

எப்படி விடுவது? "பேரு சரியாத்தான் இருக்கு. உங்க கமாண்டுதான் தப்பு. கடைசிப் புள்ளியில வெட்டச் சொல்லுங்க!" என்றேன். கூடமே திரும்பிப் பார்த்தது. நான் குனியவில்லை. பணியாளர் யாரையோ தொலைபேசியில் அழைத்தார். பாதிரியார் காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தோம். திரை ஒருமுறை இருண்டு மீண்டும் ஒளிர்ந்தது. ம.பிலோமினா.

"வாங்கக்கா," என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

அக்காவின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அவருடைய சண்டையை நான் எடுத்துக்கொண்டேன், அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். இதை அச்சிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கீழே என் பெயரைப் புள்ளியோடு போடுங்கள்.

கோ. வசந்தா