எண்பதாவது நிமிடத்துக் கொடி

சென்ற வருடம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு மைதானத்தில் இது நடந்தது. மாகாண அணிகளுக்கிடையிலான தேசிய உதைபந்தாட்டச் சம்பியன்ஷிப்பின் அரையிறுதி. மேல் மாகாணமும் வட மாகாணமும் மோதின. நான் விளையாடவில்லை. மைதானத்தின் ஓரக் கோட்டில் கொடியோடு ஓடுகிற துணை நடுவர் நான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். அப்பா புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். ஆங்கிலத்தில் இருந்த விதிப் புத்தகத்தை, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஆறு மாதம் படித்தேன். நடுவர் பரீட்சையில் தேறிய செய்தியைச் சொன்னபோது, "பந்தத் தொடாமலே ஓடுறதுக்கு ஒரு பரீட்சையாடா?" என்றுதான் அப்பா கேட்டார். ஆனால் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டியவரும் அவர்தான்.

அன்றைக்குப் பிரதான நடுவர் களனிப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். அதிகம் பேசமாட்டார். உடை மாற்றும்போது, "இன்றைக்கு இரண்டு பக்கமும் உன் ஆட்கள்தானே மல்லி" என்று, தம்பியைக் கூப்பிடுவது போலச் சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். உண்மைதான். மேல் மாகாண அணி என் ஊர் அணி. வட மாகாண அணி என் மொழி பேசுகிற அணி. எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. கோட்டில் போய் நின்ற பிறகுதான் அதன் பாரம் தெரிந்தது.

எனக்கு முதுகுப் பக்கமாக, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், கொட்டாஞ்சேனைப் பொடியன்கள் ஒரு பட்டாளமே வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் எங்கள் ரோட்டு மூலையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறவன். நானும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். கொஞ்சம் தள்ளி, நகரத்தின் மறுபக்கம் வெள்ளவத்தையிலிருந்து வந்த யாழ்ப்பாணக்காரர்கள் குடும்பம் குடும்பமாக, காகிதத்தில் சுற்றிய கடலைச் சரைகளோடு நின்றார்கள்.

முதல் பாதியில் மேல் மாகாணம் என் பக்கமாகத் தாக்கியது. இரண்டு தடவை ஓஃப்சைட்டுக்குக் கொடி தூக்கினேன். பந்து கொடுபடுகிற கணத்தில், தாக்குகிறவன் தன்னை மறிக்கிற பின்வரிசை ஆட்டக்காரர்கள் எல்லோரையும் தாண்டி, கோல்காவலனுக்குக் கிட்ட நின்றால் அது ஓஃப்சைட். இரண்டும் சரியான தீர்ப்புகள். ஆனால் முதுகுக்குப் பின்னால் கேட்டது வேறு.

"டேய் மச்சான், நீ மேட்ச் முடிஞ்சு யாழ்ப்பாணத்துக்கா போகப் போற? எங்க ரோட்டாலதானே வரணும்!"

போன் கடைக்காரன்தான். எல்லோரும் சிரித்தார்கள். உடனே மற்றப் பக்கத்திலிருந்து ஒரு ஐயாவின் குரல்: "தம்பி, அவையள் கத்தட்டும். நீர் எங்கட பொடியன், வடிவாப் பாரும்!"

இந்த இரண்டாவது குரல்தான் என்னை அதிகம் குழப்பியது. நான் தமிழன் என்பதால் வட மாகாணத்துக்குச் சார்பாக நிற்கிறேன் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. இடைவேளையில் தண்ணீர் குடிக்கும்போதும் இதே யோசனைதான்.

இரண்டாம் பாதியில் அணிகள் பக்கம் மாறின. இப்போது வட மாகாணம் என் பக்கமாகத் தாக்கியது. மேல் மாகாணம் ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. எண்பதாவது நிமிடம் அளவில், பந்துக்காக மோதியதில் மேல் மாகாணத்தின் பின்வரிசை ஆட்டக்காரர் ஒருவர் தூரத்து மூலையில் வழுக்கி விழுந்தார். எழும்பாமல், கோல் கோட்டுக்குக் கிட்டவே உட்கார்ந்து காலுறையை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் அங்கே இருக்கும்வரை, அவரைத் தாண்டி கோலுக்குக் கிட்டப் போகாத எந்த எதிராளியும் ஓஃப்சைட் இல்லை. அதே நேரம் நடுவிலிருந்து ஒரு நீளமான பந்து வந்தது. வட மாகாணத்தின் ஒல்லியான முன்வரிசைப் பொடியன் ஒருவன் தனியாகப் பாய்ந்தான்.

உட்கார்ந்திருந்தவரை நான் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பார்த்தேன். ஆனால் என் முதுகுக்குப் பின்னால் ஐம்பது பேர் ஒன்றாக "ஓஃப்சைட்!" என்று கத்தினார்கள். என் கை தானாக மேலே போய்விட்டது.

பிரதான நடுவர் பந்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், பந்து வலைக்குள் போன பிறகுதான் என் கொடியைக் கண்டார். விசில் அடித்தார். கோல் இல்லை. கொட்டாஞ்சேனைப் பக்கம் துள்ளிக் குதித்தது. "அப்படித்தான்டா மச்சான்!" வெள்ளவத்தைப் பக்கத்து ஐயா, "என்ன தம்பி இது?" என்றார், மெல்லமாக.

கோல் அடித்த பொடியன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடியவன், கொடியைக் கண்டதும் நின்றான். என்னை நோக்கி வந்தான். திட்டப் போகிறான் என்று நான் உடம்பை இறுக்கிக்கொண்டேன்.

"அண்ணை, நான் முன்னுக்கு நிண்டிட்டனோ? எவ்வளவு முன்னுக்கு? சொல்லுங்கோ, அடுத்தமுறை பாத்து ஓடுறன்."

கேலியே இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, முகத்தில் வியர்வை ஒழுக, படிக்கிற பிள்ளை கேட்பது மாதிரிக் கேட்டான். நான் பார்வையைக் கொடிக்கு இறக்கினேன். அவன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தான். தன் மேல்தான் பிழை என்று நினைத்துக்கொண்டு நடந்தான்.

கோல்காவலன் பந்தை வைத்துக்கொண்டிருந்தான். அவன் அதை உதைத்து ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால், பிறகு யாராலும் மாற்ற முடியாது. புத்தகத்தில் நான் கோடு போட்டுப் படித்த விதி அது. கொடியை ஆட்டிக்கொண்டு, "சேர்! சேர்!" என்று கத்தியபடி உள்ளே ஓடினேன்.

"சேர், கோல் சரி. என்னுடைய பிழை. ஓஃப்சைட் இல்லை." சிங்களம் எனக்குத் தடுமாறியது.

"நிச்சயமா?"

"நிச்சயம் சேர். ஒருவர் அங்கே விழுந்திருந்தார்."

"கண்டாயா?"

"கண்டேன்."

"அப்போ ஏன் தூக்கினாய்?"

"பயந்துவிட்டேன் சேர்."

ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு விசிலை ஊதி, மைதானத்தின் நடுவைக் கையால் காட்டினார். கோல்.

அதற்குப் பிறகு வேலிக்குப் பின்னாலிருந்து நான் கேட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. என் அம்மாவைக்கூட விடவில்லை. தண்ணீர்ப் போத்தல் ஒன்று தோளில் பட்டது. ஆட்டம் சமநிலையில் முடிந்து, பெனால்டியில் வட மாகாணம் வென்றது. வெள்ளவத்தை ஐயா என் கையைப் பிடிக்க வந்தார். "எங்கட பொடியன் எண்டு சொன்னனான்தானே!" நான் நழுவிப் போய்விட்டேன். அவர்களுக்காக நான் அதைச் செய்யவில்லை என்று அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

என் பிழை போட்டி அறிக்கையில் பதிவானது. அது நியாயம். பல மாதங்களுக்குப் பாடசாலைப் போட்டிகள் மட்டும்தான் கிடைத்தன. அதற்காக நான் வருந்தவில்லை. அப்படி எழுதத்தான் வேண்டும் என்று பிரதான நடுவரிடம் நானே சொன்னேன்.

போன் கடைக்காரன் மூன்று கிழமை என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் கடையைத் தாண்டிப் போகும்போது கூப்பிட்டு, பிளேன்டீ வாங்கித் தந்தான். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னான்:

"நம்ம ஆளு உக்காந்து இருந்தத நானும் பாத்தேன்டா. பாத்துட்டுத்தான் கத்துனேன்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கடைக்கு வந்த ஒரு அம்மா எங்களைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தார்.

இப்போது மறுபடி பெரிய போட்டிகளுக்குக் கூப்பிடுகிறார்கள். கத்துகிறவர்கள் எல்லா மைதானத்திலும் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது; ஆனால் என் கொடியைப் பார்த்துவிட்டு எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடக்கிற ஒரு பொடியனைக் கண்டால், அவன் என்னை நம்பிவிட்டான் என்ற நினைப்பு மட்டும், தூக்கியது சரிதானா என்று இன்னமும் என்னை ஒருதடவை யோசிக்க வைக்கிறது.